இங்கிலீஷ் வார்த்தை நிக்கல, வாயில வரல, வாக்கியத்துல ஒட்டலன்னா: எந்தக் கோளாறுக்கு எதைச் சரி பண்ணணும்

அட்வான்ஸ்ட் வொகாபுலரி படிக்கிறவங்க கிட்ட நான் திரும்பத் திரும்ப பாக்குற விஷயம் இது தான், எது சரியா வரலன்னாலும் எல்லாரும் ஒரே மருந்தைத் தான் எடுக்குறாங்க, இன்னொரு லிஸ்ட், இன்னும் ஒரு 500 வார்த்தை. மறந்து போனாலும் அதே மருந்து, பேசும்போது வாயில வரலன்னாலும் அதே மருந்து, எழுதினதைப் படிச்சுட்டு ஒருத்தர் "இந்த இடத்துல இந்த வார்த்தை வராதே"ன்னு சொன்னாலும் அதே மருந்து. ஆனா இது மூணும் மூணு தனித்தனி கோளாறு. ஒரு வார்த்தை நமக்குத் தெரியும்னு சொல்லணும்னா அதோட டெஃபனிஷன் எது வரைக்கும் போகுதுன்னு தெரியணும், கிட்டத்தட்ட அதே அர்த்தம் தர்ற சினானிம்கள் கிட்ட இருந்து அது எங்க பிரியுதுன்னு தெரியணும், எந்த மாதிரி வாக்கியத்துல போய் உக்காரும்னு தெரியணும். இதுல எது உங்களுக்கு ஆட்டம் கண்டிருக்கோ அதை மட்டும் சரி பண்ணா போதும், மத்ததைத் தொட வேணாம். கீழ ஒவ்வொரு அறிகுறியா போட்டிருக்கேன், உங்களுக்கு எது பொருந்துதோ நேரா அங்க போயிடுங்க.

நேத்து தான் படிச்சேன், இன்னைக்கு சுத்தமா ஞாபகம் இல்ல

முதல்ல நீங்க எப்படி ரிவைஸ் பண்றீங்கன்னு பாருங்க. இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் அர்த்தம், மேல இருந்து கீழ வரைக்கும் ஓட்டுறீங்கன்னா அது ரிவிஷனே இல்ல, ஏன்னா மூளை யோசிக்கிறதுக்குள்ள கண்ணு வலது பக்கம் போய் அர்த்தத்தை எடுத்துட்டு வந்துடுது, "ஆமா தெரியுமே"ன்னு ஒரு நிம்மதி வந்துடுது, அவ்வளவு தான். வலது பக்கத்தை மூடிட்டு சொல்லிப் பாருங்க, பாதி வராது. அந்த பாதியைத் தான் படிக்கணும்.

அடுத்தது இடைவெளி. எபிங்ஹாஸ்ங்கிற ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத அசைகளை தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு நேரத்துல எவ்வளவு மறக்குதுன்னு தன் மேலயே சோதனை பண்ணி 1885ல வெளியிட்டாரு. அதுல தெரிஞ்சது, மறதி ஆரம்பத்துல தான் ரொம்ப வேகம், போகப் போக மெதுவாயிடும். அதனால முதல் ரிவிஷன் சீக்கிரமே வரணும், அன்னைக்கு சாயங்காலமோ மறுநாளோ, அதுக்கப்புறம் மூணு நாள், ஒரு வாரம், ரெண்டு வாரம்னு இழுத்துட்டுப் போகலாம். ஞாயித்துக்கிழமை மொத்தமா 100 வார்த்தையை அஞ்சு தடவை படிக்கிறதை விட இது எவ்வளவோ மேல். கையில பண்ணணும்னா லைட்னர்ங்கிறவர் 1972ல சொன்ன பெட்டி முறை போதும்: ஒரு பக்கம் வார்த்தை, மறுபக்கம் அர்த்தம் எழுதின கார்டுங்களை அஞ்சு அறையில பிரிச்சு வைக்கணும், சரியா சொன்னா கார்டு அடுத்த அறைக்குப் போகும், தப்பா சொன்னா எந்த அறையில இருந்தாலும் முதல் அறைக்கே திரும்ப வரும், முதல் அறையை தினமும் பாக்கணும், கடைசி அறையை எப்பவாவது. அன்கி மாதிரி ஆப் இந்தக் கணக்கை அதுவே போட்டுக்கும்.

இதெல்லாம் பண்ணியும் ஒரு 10, 15 வார்த்தை மட்டும் விடாம முதல் அறைக்கே வந்துட்டு இருக்கும். அதுக்கு உங்க ஞாபகசக்தியைக் குறை சொல்லாதீங்க, அந்த வார்த்தையில பிடிச்சுக்க ஒரு கொக்கி இல்ல, அது தான் காரணம். "லகோனிக்"னு ஒரு வார்த்தை, ரொம்ப சுருக்கமா பேசுறதுன்னு அர்த்தம், இதை வெறுமனே மனப்பாடம் பண்ணா வழுக்கும். பழைய கிரேக்கத்துல ஸ்பார்ட்டாங்கிற நகரம் இருந்த பகுதிக்குப் பேரு லகோனியா, அதுல இருந்து தான் இந்த வார்த்தை வந்துச்சு. மாசிடோனியா ராஜா ஃபிலிப் "நான் உங்க நாட்டுக்குள்ள வந்தா உங்களை ஒழிச்சுடுவேன்"ங்கிற மாதிரி மிரட்டி செய்தி அனுப்ப, ஸ்பார்ட்டாக்காரங்க "வந்தா"ன்னு ஒரே ஒரு வார்த்தையில பதில் அனுப்பினாங்கன்னு பழைய கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் எழுதியிருக்காரு. இதைக் கேட்டதுக்கப்புறம் லகோனிக்கை யாரும் மறந்து நான் பாத்ததில்ல. முரண்டு பிடிக்கிற வார்த்தைக்கு மட்டும் இந்த மாதிரி வேர்க்கதையைத் தேடுங்க, எல்லாத்துக்கும் தேடிட்டு உக்காந்தா நேரம் போயிடும்.

டெஃபனிஷன்லயே நாலு வார்த்தை புரியல

டிக்‌ஷனரியை மாத்துங்க, வேற ஒண்ணும் இல்ல. இங்கிலீஷைத் தாய்மொழியா பேசுறவங்களுக்கான டிக்‌ஷனரி "ஆப்ஸ்டினேட்"னா "ஸ்டப்பர்ன்"னு சொல்லும், ஸ்டப்பர்ன் போய்ப் பாத்தா திரும்ப ஆப்ஸ்டினேட்னு சொல்லும். மொழி கத்துக்கிறவங்களுக்குன்னே இருக்கிற லேர்னர்ஸ் டிக்‌ஷனரி வேற ஜாதி. லாங்மேன் 1978ல கிட்டத்தட்ட 2000 எளிய வார்த்தையை வச்சே எல்லா டெஃபனிஷனையும் எழுதுச்சு, கோபில்ட்ங்கிற இன்னொண்ணு 1987ல டெஃபனிஷனையே முழு வாக்கியமா எழுதுச்சு, அதாவது "யாராவது இப்படி இருந்தா அவங்களை இந்த வார்த்தையால சொல்லுவோம்"ங்கிற மாதிரி, அதனால டெஃபனிஷன் படிக்கும்போதே வார்த்தை எங்க வரும்னும் தெரிஞ்சுடும். இதுல இன்னொரு லாபம், டெஃபனிஷனுக்கு முன்னாடி சின்னதா ஒரு லேபிள் இருக்கும், ஃபார்மல் (மரியாதையான நடை), லிட்டரரி (இலக்கிய நடை), டிஸ்அப்ரூவிங் (குறை சொல்ற தொனி)னு. பாதி பேர் அதைத் தாண்டிப் போயிடுறாங்க, தயவு செஞ்சு அதை கார்டுல எழுதுங்க, ஏன்னு கீழ சினானிம் பகுதியில புரியும்.

படிச்சா புரியுது, பேசவோ எழுதவோ உக்காந்தா வரமாட்டேங்குது

கார்டை ஒரே திசையில தான் திருப்பியிருக்கீங்கன்னு அர்த்தம். வார்த்தையைப் பாத்து அர்த்தம் சொல்றது ஒரு திறமை, அர்த்தத்துல இருந்து வார்த்தைக்குப் போறது இன்னொரு திறமை, முதலாவதைப் பழகினா ரெண்டாவது தானா வரும்னு நினைக்கிறது தப்பு. கார்டைத் தலைகீழா மாத்துங்க, ஆனா முன்பக்கத்துல டெஃபனிஷன் எழுதாம ஒரு சூழ்நிலையை எழுதுங்க, தமிழ்லயே எழுதலாம். "அவனுக்கு வேலையை விடவும் மனசு வரல, இருக்கவும் பிடிக்கல, ரெண்டு பக்கமும் இழுக்குது"ன்னு முன்னாடி இருக்கட்டும், பின்னாடி "ஆம்பிவலன்ட்". நாளைக்கு நிஜத்துல இப்படி ஒருத்தரைப் பத்தி பேசும்போது தான் அந்த வார்த்தை தேவைப்படும், டெஃபனிஷனா எதுவும் நம்ம முன்னாடி வந்து நிக்காது.

இன்னொரு காரணம், உச்சரிப்பு நிச்சயமா தெரியாத வார்த்தையை நாக்கு தானா ஒதுக்கிடும். "எபிடோம்"னு மனசுக்குள்ள படிச்சவங்களுக்கு அது "இபிட்டமி"ன்னு தெரிஞ்சா தான் தைரியமா வெளிய வரும். எழுத்துல ஹைபர்போல்னு படிக்கத் தோணுற "ஹைபர்பொலி", ஆவ்ரின்னு படிக்கத் தோணுற "அரை" (awry), இன்டிக்ட்னு படிக்கத் தோணுற "இன்டைட்", இதெல்லாம் அதே ரகம். கார்டு போடும்போதே ஒரு தடவை ஆடியோ கேட்டுடுங்க, அதோட விட்டுடலாம்.

சினானிம் தானேன்னு மாத்திப் போட்டேன், வாக்கியமே கெட்டுப் போச்சு

இது தான் எல்லாத்துலயும் பெரிய கோளாறு, கொஞ்சம் நிதானமா பாக்கலாம்.

என் கிட்ட எழுதினதைக் காட்டி கருத்து கேக்குற ஒரு தம்பி, தனக்கு ரொம்பப் பிடிச்ச சார் ஒருத்தரைப் பத்தி பாராட்டி எழுதும்போது "ஃபேமஸ்"ங்கிறது சாதாரணமா இருக்கேன்னு தெசாரஸ்ல பாத்து "நொட்டோரியஸ்"னு போட்டிருந்தான். பிரபலம் தான் அர்த்தம், ஆனா கெட்டதுக்குப் பிரபலம். நல்ல மனசோட எழுதின வரி, படிக்கிறவங்களுக்கு வசவா போய்ச் சேர்ந்திருக்கும். தெசாரஸ் மேல தப்பில்ல, 1852ல ரோஜெட் போட்டதுல இருந்தே அது கருத்து வாரியா வார்த்தைகளைக் கூட்டிக் குடுக்குற புஸ்தகம், தெரிஞ்ச வார்த்தை நுனி நாக்குல நிக்கும்போது எடுத்துக் குடுக்கும், தெரியாத வார்த்தையைக் கத்துக் குடுக்காது.

சினானிம்னா "அதே அர்த்தம்"னு நினைக்கிறதை முதல்ல விடணும். தமிழ்ல நமக்கு இது பழகின விஷயம் தானே. சிக்கனமா இருக்கான்னு சொன்னா பாராட்டு, கஞ்சன்னு சொன்னா திட்டு, கருமின்னு சொன்னா இன்னும் பெரிய திட்டு, ஆனா மூணு பேரும் பண்றது காசைச் செலவழிக்காம இருக்கிறது தான். அதே வரிசை தான் இங்கிலீஷ்லயும், "த்ரிஃப்டி", "ஃப்ரூகல்" நல்ல பக்கம், "ஸ்டின்ஜி", "மைசர்லி", "பார்சிமோனியஸ்" கெட்ட பக்கம். லேபிளைப் பாருங்கன்னு மேல சொன்னது இதுக்குத் தான். ஒரு சினானிம் குடும்பம் கிடைச்சா முதல் வேலையா அதை பாராட்டு, நடுநிலை, திட்டுன்னு மூணா பிரிச்சு வைங்க.

ரெண்டாவது வேலை, யாரு யாரு கிட்ட, எந்த இடத்துல சொல்றாங்க. தொல்காப்பியத்துலயே இது இருக்கு, ஒண்ணைக் குடுன்னு கேக்குறதுக்கு ஈ, தா, கொடுன்னு மூணு வார்த்தை இருக்கு, தாழ்ந்தவன் கேட்டா ஈ, சமமானவன் கேட்டா தா, உயர்ந்தவன் கேட்டா கொடுன்னு. இங்கிலீஷ்ல இந்த அடுக்கு எப்படி வந்துச்சுன்னா, 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சதுக்கப்புறம் அரண்மனை, கோர்ட் எல்லாம் ஃப்ரெஞ்சுல நடந்துச்சு, படிப்பும் சர்ச்சும் லத்தீன்ல, வீட்டுப் பேச்சு மட்டும் பழைய இங்கிலீஷ்ல. அதனால ஒரே விஷயத்துக்கு மாடி மேல மாடியா வார்த்தை சேர்ந்துடுச்சு. "ஆஸ்க்", "க்வெஸ்சன்", "இன்டெரகேட்" மூணையும் பாருங்க, கிட்டத்தட்ட நம்ம கேக்குறது, கேள்வி கேக்குறது, விசாரணை பண்றது மாதிரி. நண்பன் கிட்ட டைம் என்னன்னு இன்டெரகேட் பண்ண முடியாது.

மூணாவது தான் ரொம்ப பேருக்குத் தெரியாதது, ஒவ்வொரு வார்த்தைக்கும் கூட்டாளிங்க இருக்காங்க. நாம மழை பெய்யுதுன்னு சொல்றோம், வெயில் அடிக்குது, காத்து வீசுது, பனி கொட்டுது. மழை வீசுதுன்னோ வெயில் பெய்யுதுன்னோ சொன்னா இலக்கணத் தப்பு எதுவும் இல்ல, ஆனா காதுக்கு ஒட்டாது. அதே மாதிரி "குறைக்கிறது"ங்கிற குடும்பத்தை எடுத்துக்குங்க, "மிட்டிகேட்", "அலீவியேட்", "அஸ்வேஜ்", "ப்ளகேட்". லிஸ்ட்ல நாலும் ஒரே கட்டத்துல இருக்கும். ஆனா மிட்டிகேட் பண்றது ரிஸ்க்கை, பாதிப்பை, சேதத்தை. அலீவியேட் பண்றது வலியை, வறுமையை, அழுத்தத்தை, அனுபவிக்கிற கஷ்டத்தை. அஸ்வேஜ் பண்றது குற்ற உணர்ச்சியை, பயத்தை, துக்கத்தை, மனசுக்குள்ள இருக்கிறதை ஆத்துறது. ப்ளகேட் பண்றது ஆளை, கோவமா இருக்கிறவரைச் சமாதானப்படுத்துறது. இப்போ "கோவமா இருந்த கஸ்டமரை மிட்டிகேட் பண்ணோம்"னு எழுதினா ஏன் தப்புன்னு யாரும் விளக்க வேண்டியதே இல்ல. சில லிஸ்ட்ல "அமீலியரேட்"டையும் இதுல சேத்துடுவாங்க, அது நிலைமையை மேம்படுத்துறது, குறைக்கிறது இல்ல, அதைப் பிரிச்சே வைங்க.

கூட்டாளிங்களைக் கண்டுபிடிக்க நான் பண்றது இவ்வளவு தான்: டெஃபனிஷனைப் படிக்கிறதுக்கு முன்னாடியே டிக்‌ஷனரில இருக்கிற எடுத்துக்காட்டு வாக்கியம் அஞ்சாறைப் படிச்சு, அந்த வார்த்தைக்கு அடுத்து என்ன பெயர்ச்சொல் வருதுன்னு மட்டும் வரிசையா எழுதிக்குவேன். நாலாவது வாக்கியத்துல பேட்டர்ன் தெரிய ஆரம்பிச்சுடும். ஒரு வார்த்தையை அது கூட சேர்ற வார்த்தைகளை வச்சுத் தான் அடையாளம் தெரிஞ்சுக்க முடியும்ங்கிற கருத்தை ஃபர்த்ங்கிற மொழியியலாளர் 1957லயே சொல்லிட்டாரு. அதனால கார்டுல "மிட்டிகேட் = குறை"ன்னு எழுதாதீங்க, "மிட்டிகேட் த ரிஸ்க்"னு ஜோடியா எழுதுங்க. ஜோடியா படிச்ச வார்த்தை ஜோடியாவே வாயில வரும்.

ஒரே நாள்ல அஞ்சு சினானிம் படிச்சேன், அஞ்சும் குழம்பிடுச்சு

சினானிமை சேத்துப் படிங்கன்னு தானே எல்லாரும் சொல்றாங்கன்னு கேப்பீங்க, நானும் இப்போ தான் குடும்பம் குடும்பமா பிரிச்சுக் காட்டினேன். ஆனா வரிசை முக்கியம். டின்கம், வேரிங்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1990கள்ல சோதிச்சுப் பாத்தாங்க, அர்த்தத்துல நெருங்கின புது வார்த்தைகளை ஒண்ணா படிச்சவங்களுக்கு, சம்பந்தமே இல்லாத வார்த்தைகளை ஒண்ணா படிக்கிறதை விட அது கஷ்டமா தான் இருந்துச்சு, ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்குது. அதனால புதுசா படிக்கும்போது இன்னைக்கு மிட்டிகேட், ஒரு வாரம் கழிச்சு அஸ்வேஜ்னு தள்ளித் தள்ளிப் படிங்க. தனித்தனியா ரெண்டும் நின்னதுக்கப்புறம் பக்கத்துல பக்கத்துல வச்சு வித்தியாசம் பாருங்க. குடும்பமா பிரிக்கிறது ரெண்டாவது சுத்துல பண்ற வேலை.

தோற்றத்துல ஒத்துப் போறதுக்கும் இதே சட்டம் தான். "ப்ரிஸ்க்ரைப்" பரிந்துரைக்கிறது, "ப்ரோஸ்க்ரைப்" தடை பண்றது. "இன்ஜீனியஸ்" சாமர்த்தியமான, "இன்ஜென்யுவஸ்" கள்ளம் கபடம் இல்லாத. ஏபிசிடி வரிசையில லிஸ்ட் படிச்சா இதுங்க எல்லாம் ஒரே பக்கத்துல வந்து மாட்டும், அதனால அகரவரிசை லிஸ்ட்டைக் கலைச்சுப் போட்டுட்டுத் தான் ஆரம்பிக்கணும்.

அப்புறம் கேக்குறதுக்கு ஒண்ணு மாதிரி இருந்து அர்த்தம் எதிராவோ வேறயாவோ இருக்கிறதுங்க. "எனர்வேட்" எனர்ஜி மாதிரி கேக்கும், ஆனா பலத்தை உறிஞ்சுறது. "ரெஸ்டிவ்" ரெஸ்ட் மாதிரி இருக்கும், ஆனா நிலைகொள்ளாம இருக்கிறது. "நாய்சம்"ல சத்தம் எதுவும் இல்ல, நாத்தம் தான். "மெரிட்ரிஷஸ்"ல மெரிட் இல்ல, வெளிப்பகட்டு மட்டும். இந்த மாதிரி வார்த்தைக்கு தனியா ஒரு கட்டு வைங்க, வேர்ச்சொல்லை வச்சு யூகிக்கிற பழக்கம் உள்ளவங்க கண்டிப்பா வைக்கணும்.

கான்டெக்ஸ்ட்டை வச்சு யூகிச்சேன், தப்பா போச்சு

ரெண்டு இடத்துல இது உடையும். ஒண்ணு, நீங்க படிக்கிறது உங்களுக்கு ரொம்ப கஷ்டமான டெக்ஸ்ட். 100 வார்த்தையில 98 தெரிஞ்சா தான் ஓரளவு தொல்லை இல்லாம புரியும்னு நேஷன்ங்கிற வொகாபுலரி ஆராய்ச்சியாளரும் அவர் கூட வேலை பாத்தவங்களும் காட்டியிருக்காங்க, அவர் கணக்குப்படி நாவல், நியூஸ்பேப்பர் எல்லாம் அந்த அளவுக்குப் படிக்க 8000ல இருந்து 9000 வார்த்தைக் குடும்பம் வேணும் (இங்க குடும்பம்னா சினானிம் இல்ல, ஒரு வார்த்தையும் அதுல இருந்து வர்ற மத்த வடிவங்களும்). வரிக்கு ரெண்டு வார்த்தை தெரியலன்னா சுத்தி இருக்கிற துப்பே பாதி தெரியாததா தான் இருக்கும், எதை வச்சு யூகிப்பீங்க? அப்போ ஒரு படி எளிமையானதுக்கு இறங்கிடுங்க, அதுல எந்த வெக்கமும் வேணாம்.

ரெண்டாவது, வாக்கியம் குடுக்காததை அது கிட்ட எதிர்பாக்குறது. "அவர் ஒரு கேருலஸ் மனுஷன்"னு மட்டும் இருந்தா அதுல துப்பே கிடையாது, தாராளமா டிக்‌ஷனரியைத் திறங்க. இப்போ இதைப் பாருங்க: "எப்பவும் கேருலஸா இருக்கிறவர் தான்னாலும், அன்னைக்கு மீட்டிங்ல அவர் வாயே திறக்கல." இதுல "ஆனாலும்"ங்கிற திருப்பம் இருக்கு, இங்கிலீஷ்ல "ஆல்தோ". அந்தப் பக்கம் பேசாம இருந்தார்னா இந்தப் பக்கம் பேசுறவர்னு தான் இருக்கணும். சரி, பேசுறவர். ஆனா எப்படிப் பேசுறவர்? அந்த இடத்துல "எலக்வன்ட்"னு போட்டாலும் வாக்கியம் ஓடும், அது அழகா, மனசுல பதியுற மாதிரி பேசுறது. கேருலஸ் அப்படி இல்ல, தேவையில்லாத விஷயத்தை ஓயாம பேசுறது, வளவளன்னு. ஒண்ணு பாராட்டு, ஒண்ணு குறை, கான்டெக்ஸ்ட் ரெண்டுக்கும் இடம் குடுக்குது. அப்போ கான்டெக்ஸ்ட் தர்றது திசை மட்டும் தான், வேலி போடுறது டெஃபனிஷன். யூகிச்சதோட நிறுத்திட்டுப் போனவங்க கேருலஸைப் பாராட்டா பயன்படுத்திட்டு இருப்பாங்க, அது தான் தப்பு நடக்குற இடம்.

அதனால வரிசை இது: முதல்ல திருப்பம், காரணம், விளக்கம் காட்டுற சொல்லைத் தேடுங்க, "ஆல்தோ", "டிஸ்பைட்", "பிகாஸ்", இல்லன்னா ஒரு கோலன், அதுக்கு அப்புறம் வர்றது பெரும்பாலும் முன்னாடி சொன்னதோட விளக்கம். அதை வச்சு திசையை ஒரு எளிய தமிழ் வார்த்தையில எழுதுங்க, "பேசுறவர்"னு. அதுக்கப்புறம் டிக்‌ஷனரி பாத்து உங்க யூகத்துல எது அதிகம், எது குறைவுன்னு திருத்துங்க. யூகிக்காம நேரா டிக்‌ஷனரிக்குப் போனாலும் வார்த்தை அவ்வளவா ஒட்டாது, தப்பா யூகிச்சு திருத்தினது நல்லாவே ஒட்டும். ஒரு எச்சரிக்கை, "எனிதிங் பட்", "ஹார்ட்லி" மாதிரி சொல் முன்னாடி வந்தா திசை அப்படியே திரும்பிடும், "எனிதிங் பட் லகோனிக்"னா சுருக்கமா பேசுறவரே இல்லன்னு அர்த்தம்.

எல்லா வார்த்தையும் தெரிஞ்சது தான், ஆனா வாக்கியம் புரியல

தெரிஞ்ச வார்த்தையோட ரெண்டாவது முகம். "க்வாலிஃபை"னா தகுதி பெறுறதுன்னு மட்டும் தெரிஞ்சவங்க "அவர் தன் பாராட்டை க்வாலிஃபை பண்ணாரு"ன்னு வந்தா முழிப்பாங்க, அங்க அது "ஆனா"ன்னு ஒரு நிபந்தனை சேத்து அளவைக் குறைக்கிறது. "அரெஸ்ட்" ஒண்ணைத் தடுத்து நிறுத்துறது. "ஃப்ளாக்" சோர்ந்து போறது. "சாங்க்ஷன்" இன்னும் மோசம், அனுமதி குடுக்குறதும் அது தான், தண்டனையா தடை போடுறதும் அது தான், கான்டெக்ஸ்ட் மட்டும் தான் பிரிச்சுக் காட்டும். தெரிஞ்ச வார்த்தை ஒட்டாம நின்னா டிக்‌ஷனரில மூணாவது, நாலாவது அர்த்தம் வரைக்கும் கீழ இறங்கிப் பாருங்க.

லிஸ்ட் முடிச்சாச்சு, டெஸ்ட்ல மார்க் ஏறல

மேல்படிப்புல சேர ஜிஆர்ஈங்கிற தேர்வை எழுதுறவங்க கிட்ட இருந்து இது அடிக்கடி வரும். 2011 ஆகஸ்ட்ல அந்தத் தேர்வு மாறினப்போவே எதிர்ச்சொல், அனாலஜி கேள்விங்களை எடுத்துட்டாங்க, இப்போ எல்லாமே வாக்கியத்துக்குள்ள தான். சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ்ங்கிற கேள்வி வகையில, வாக்கியத்துல காலி இடத்துக்கு ஆறு சாய்ஸ்ல ரெண்டு எடுக்கணும், ரெண்டும் வாக்கியத்துக்கு ஒரே அர்த்தத்தைத் தரணும். லிஸ்ட் படிச்சவங்க கண்ணு நேரா சாய்ஸுக்குப் போய் சினானிம் ஜோடியைத் தேடும், அங்க வாக்கியத்துக்குப் பொருந்தாத ஒரு ஜோடி கச்சிதமா உக்காந்திருக்கும், எடுத்துடுவாங்க. சாய்ஸை கையால மூடிட்டு, வாக்கியத்தை மட்டும் படிச்சு காலி இடத்துல வர வேண்டியதை உங்க சொந்த வார்த்தையில, தமிழ்ல கூட, எழுதிட்டு அப்புறம் கையை எடுங்க.

அது பழகியும் ஏறலன்னா லிஸ்ட்டையே சந்தேகப்படுங்க. "பல்க்ரிட்யூட்"னா அழகுன்னு தெரிஞ்ச ஒருத்தருக்கு "ஆல்பீயிட்", "நாட்வித்ஸ்டாண்டிங்", "ஆர்பிட்ரரி" தெரியல, நான் நேர்ல பாத்திருக்கேன். பின்னாடி சொன்ன மூணும் காக்ஸ்ஹெட்ங்கிற ஆராய்ச்சியாளர் 2000ல வெளியிட்ட அகடமிக் வர்ட் லிஸ்ட்ல இருக்கு, மொத்தமே 570 வார்த்தைக் குடும்பம் தான், ஆனா கல்லூரி லெவல் பாடப் புஸ்தகம், கட்டுரைகள்ல வர்ற வார்த்தைகள்ல கிட்டத்தட்ட 10 சதவீதம் அதுங்க தான். அந்த 570ஐ முதல்ல ஓட்டிப் பாத்து, மூடின கையோட சொல்ல வராததுக்கு மட்டும் கார்டு போடுங்க, அபூர்வமான வார்த்தைங்க அதுக்கப்புறம் வரட்டும்.